தானா வந்துருமா?

"லைசென்ஸ்தான் வாங்கியாச்சில்லா, பொறவு என்ன? ஓட்ட ஓட்டத் தானா வந்துரும்." பத்தமடையில் கார் வாங்கிய வீடுகளில் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது விழாமல் இருக்காது. வளைகுடாப் பணத்தில் வாங்கிய காரும் உண்டு, வங்கிக் கடனில் எடுத்த காரும் உண்டு. வாசலில் உறை போர்த்தி நிற்கும். வீட்டில் இரண்டு பேரிடம் லைசென்ஸ் இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம் என்றால் மட்டும் ஆக்டிங் டிரைவருக்குப் போன் போகும். லைசென்ஸ் வைத்திருப்பவரைக் கேட்டால் பயமாக இருக்கிறது என்பார். மறுபடியும் சாலையில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொண்டால் என்ன என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன வாக்கியம் பதிலாக வரும்.

இந்தக் கருத்தை இளக்காரமாகத் தள்ளிவிட முடியாது. அதன் பக்கத்து வாதங்கள் இவை: ஓட்டுதல் கைப்பழக்கம், புத்தகத்தில் வராது. அரசாங்கமே சோதித்து உரிமம் கொடுத்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் என்பது பெரும்பாலும் லைசென்ஸ் எடுத்துத் தரும் இடம், அங்கே திரும்பப் போய்ப் புதிதாக என்ன கிடைக்கும்? வீட்டிலேயே இருபது வருஷம் ஓட்டிய மாமாவோ மச்சானோ இருக்கையில் வெளியாளுக்கு எதற்குக் காசு? கடைசியாக, உரக்கச் சொல்லப்படாத ஒன்று: தனிப் பயிற்சி பயந்தாங்கொள்ளிகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு முழுசையும் நியாயப்படுத்துவதுதான் தவறு.

1. உரிமம் எதைச் சோதித்தது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 15-ஆவது விதியைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கண்ணாடியைச் சரிசெய்து பின்னால் பார்ப்பது, மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளவிடாமல் கிளப்புவது, முந்துவது, எதிர்வண்டிக்கு வழிவிடுவது, வலமும் இடமும் சரியான தடத்தில் திரும்புவது, நடந்து கடப்பவருக்காக நிற்பது என்று நீளமான பட்டியல் அதில் இருக்கிறது. சாலையில் போகும் வண்டிகளோடும் மனிதர்களோடும் சேர்ந்து ஓட்டினால்தான் இவற்றில் பாதியையாவது சோதிக்க முடியும். நடப்பில் தேர்வு என்றால் இருசக்கர வண்டிக்கு எட்டு போடுவது, காருக்கு மைதானத்தில் சில நிமிடம். மைதானத்தில் எதிரே டிராக்டர் வராது. பின்னால் நின்று தனியார் பஸ் ஹாரன் அடிக்காது.

பயிற்சிக் காலத்துக்கும் விதி உண்டு. 31-ஆவது விதிப்படி, கார் ஓட்டக் கற்பவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் வண்டியை அவரே ஓட்டும் நேரம் குறைந்தது 10 மணி. கணக்குப் போட்டால் நாளுக்கு அரை மணிகூட இல்லை. அதிலும் ஒரே காரில் மூன்று நான்கு பேரை ஏற்றி, ஆளுக்குக் கொஞ்ச தூரம் கொடுத்து இறக்கிவிடும் வழக்கம் இருக்கும் இடங்களில், ஸ்டியரிங்கைத் தொட்ட நேரம் விதியைத் தொடுகிறதா என்பதே சந்தேகம். காலை ஆறு மணிக்கு, வண்டி நடமாட்டம் இல்லாத ஒரே சாலையில், இரண்டாம் கியரில் கற்றவர் சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூட வேன்களுக்கு நடுவே தடுமாறினால் குறை அவருடையதா?

அந்தச் சிறு தேர்வு எவ்வளவு பெரிய கதவைத் திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு, பயணிகள் வாகனங்களையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம். பிழைப்புக்கு வண்டி ஓட்டும் லட்சக்கணக்கானவர்களை எண்ணினால் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் சின்னக் காரில் தேர்வு முடித்த கையோடு, வாழைத்தார் ஏற்றிய மினி லாரியில் உட்காரச் சட்டம் தடுக்காது என்பதும் அதன் விளைவு. உரிமம் ஓர் அனுமதிச் சீட்டு. அதைத் திறமைச் சான்றாக எடுத்துக்கொள்வது நம் விருப்பம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் பெரும்பகுதியினர் முறையான உரிமம் வைத்திருந்தவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. சாலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் உரிமம் உள்ளவர்கள்தானே என்று மறுக்கலாம். சரி. ஆனால் உரிமம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு இந்த விவரம் உதவவில்லை.

2. ஓடினால் பழக்கம் வரும், நல்ல பழக்கம் வருமா?

"ஆத்துல தள்ளிவிட்டா நீச்சல் தானா வரும்" என்று தாமிரபரணிக் கரையில் ஒரு வாதம் வரும். வந்தவர்கள் சொல்லும் வாதம் அது. வராதவர்கள் சொல்ல இல்லை. அதோடு ஆற்றில் தள்ளப்பட்டவர் முழுகினால் அவரோடு போயிற்று. ரோட்டில் தள்ளப்பட்டவர் தடுமாறினால் முதலில் விழுவது எதிரே வந்த பைக்காரர்.

இது அலங்காரப் பேச்சில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 44.5 விழுக்காடு, நடந்து போனவர்கள் 19.5 விழுக்காடு. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர், நாளுக்கு 49 பேர். "பட்டுப் பட்டுத்தான் தெரிஞ்சிக்கிடணும்" என்று புதிதாகக் கார் எடுத்தவரிடம் சொல்பவர், படப்போவது யார் என்பதை யோசிப்பதில்லை.

பழக்கத்தின் இன்னொரு குணம் இதைவிட மோசமானது. சாலை தவறுகளை உடனே தண்டிப்பதில்லை. கன்னடியன் கால்வாயை ஒட்டிய வளைவில் எதிரே பார்வை தெரியாமல் முந்திய ஒருவர் ஒன்பது முறை தப்பிவிடுவார். அந்த ஒன்பது தப்புதலும் அவர் மூளையில் "இது சரி" என்றுதான் பதியும். யாரும் திருத்தாத அனுபவம் திறமையை வளர்ப்பதுபோலவே கெட்ட பழக்கத்தையும் வளர்க்கும், அதுவும் அதே உறுதியோடு. இருபது வருஷம் ஓட்டியவர் என்பதற்கும், ஒரே வருஷத்துத் தவறுகளை இருபது தடவை ஓட்டியவர் என்பதற்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

3. மாமா பக்கத்தில் இருந்தால் போதாதா?

எந்த மாமா? நேராகப் போகிறேன் என்று சொல்ல நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிடும் மாமாவா? பிரேக்குக்குப் பதில் ஹாரனை நம்பும் மாமாவா? நான்குவழிச் சாலையில் வலக்கோடியைப் பிடித்துக்கொண்டு அறுபதில் போகும் மாமாவா? எதிர்வண்டி வந்தாலும் ஹைபீமைத் தணிக்காதவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுப்பார்.

நன்றாக ஓட்டுகிற மாமாக்களும் உண்டு. ஆனால் ஓட்டத் தெரிவது வேறு, சொல்லிக்கொடுக்கத் தெரிவது வேறு. நன்றாக ஓட்டுகிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பதே மறந்திருக்கும், எல்லாம் கையும் காலும் பார்த்துக்கொள்ளும். ஆகவே புதியவர் தடுமாறும்போது அவர் வாயிலிருந்து வருவது "பிரேக்கைப் போடு! போடு!" என்ற சத்தம். அதுவும் இரண்டு நொடி தாமதமாக. மனைவிக்குக் கணவர் சொல்லிக்கொடுத்த கதைகள் முன்னீர்ப்பள்ளம் தாண்டுவதற்குள் சண்டையில் முடிந்ததை ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. பயிற்சிப் பள்ளியின் கார்களில் கற்றுத்தருபவர் காலடியிலும் பிரேக் இருக்க வேண்டும் என்பது விதி. பயிற்றுநருக்குக் குறைந்தது ஐந்தாண்டு ஓட்டிய அனுபவமும் மோட்டார் மெக்கானிக் சான்றிதழும் வேண்டும். சொந்தக் காரில் மாமாவின் காலடியில் மிதியடி மட்டும்தான். சொந்தக் காரில்தான் பயிற்சி எடுப்பேன் என்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: முதல் சில மணி நேரம் இரட்டைப் பிரேக் உள்ள காரில், அதன்பிறகு சொந்தக் காரில் என்பதே சரியான வரிசை.

இதில் ஒரு வேடிக்கை. "தானா வந்துரும்" என்று இங்கே அடித்துச் சொல்பவர்களில் வளைகுடாவில் ஓட்டுநர் உரிமத்துக்காகப் பணம் கட்டி, கட்டாய வகுப்பு முடித்து, சாலைத் தேர்வில் இரண்டு மூன்று தடவை தோற்று, கடைசியில் தேறியதைப் பெருமையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். துபாய் சாலைக்குத் தேவைப்பட்ட பயிற்சி சேரன்மகாதேவி சாலைக்கு ஏன் வேண்டாம்? எது கடினமான சாலை? வருஷக்கணக்கில் வலப்பக்கமாக ஓட்டிவிட்டு விடுமுறைக்கு வந்து இடப்பக்கம் ஏறும் அவர்களுக்கே ஒரு நாள் சாலைப் பயிற்சி தேவைப்படும்.

4. பயந்தவர்களுக்குத்தானே?

பயம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நல்ல பயிற்றுநர் அதைப் பிரித்துக் கேட்பார். எதற்குப் பயம்? தெருவுக்குள் ரிவர்ஸ் எடுக்கவா? மேட்டில் நின்று கிளப்பவா? பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் கை நடுங்குகிறதா? இரவில் எதிர்வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா? "கார் ஓட்டப் பயம்" என்று வந்தவர்களில் பலருக்குப் பயம் இவற்றில் ஒன்றிரண்டில்தான் இருக்கும். மற்றதெல்லாம் ஏற்கெனவே தெரியும். ஆளுக்கேற்ற பயிற்சி என்பதன் பொருளே அதுதான்: எல்லாருக்கும் ஒரே பாடத்தை முதலிலிருந்து நடத்தாமல், முள் தைத்த இடத்தைப் பார்த்து எடுப்பது.

பத்தமடைக்காரர் ஒருவருக்கு அது எப்படி இருக்கும்? முதலில் வீட்டு வாசலிலிருந்து காரை வெளியே எடுப்பது, ஒருபக்கம் பைக், மறுபக்கம் திண்ணை. இதை வரிசையாகப் பத்துத் தடவை செய்ய ஒரு காலைப்பொழுது போதும். பிறகு சேரன்மகாதேவிவரை போய்த் திரும்புவது, ஒரு நாள் காலையில், ஒரு நாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில். பஸ் நின்றால் அதன் முன்பக்கத்திலிருந்து ஆள் குறுக்கே வருவார் என்று எதிர்பார்ப்பதை அங்கேதான் கற்க முடியும். அடுத்தது மேலப்பாளையம், கூடுமானால் கால்நடைச் சந்தை நாளில். அறுவடைக் காலமாக இருந்தால் சாலையில் காயும் வைக்கோல்மேல் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்பதும், பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் இருட்டில் எவ்வளவு தாமதமாகக் கண்ணில் படும் என்பதும் பாடம். ஐப்பசி, கார்த்திகையில் கால்வாய்த் தண்ணீர் சாலை மட்டத்துக்கு வந்து ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியாமல் போகும். அந்த மழையில் ஒரு மணி நேரம் ஓட்டாமல் பயிற்சி முடிந்தது என்று சொல்லக்கூடாது.

பிறகு நான்குவழிச் சாலை. நாகர்கோவில் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் சேர்வதும், அதைவிட முக்கியமாக அதிலிருந்து பிரிவதும். எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக்கை எதிர்பார்ப்பதும். வருஷத்துக்கு ஒரு தடவை சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் காரில் போகும் குடும்பம் என்றால் பாபநாசத்துக்கு மேலே மலைச்சாலை. இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைக்காமல் சிறு கியரில் இறங்குவது எப்படி? ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறையில் இருக்கிறது. கூட்ட நாளில் இதைப் போய்க் கற்கக்கூடாது. சாதாரண நாளில் கற்றிருக்க வேண்டும்.

இந்தப் பயணங்களில் பயிற்றுநர் செய்யும் முக்கியமான வேலை ஸ்டியரிங்கைத் திருத்துவது அல்ல. கண்ணைத் திருத்துவது. பிரிட்டனின் காவல்துறை ஓட்டுநர் பயிற்சியில் நெடுநாளாக ஒரு முறை இருக்கிறது. ஓட்டுபவர் தான் காண்பதையும் அடுத்து நடக்கக்கூடியதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். "டீக்கடை முன்னால பைக் நிக்கி, கிளம்பும்போலத் தெரியுது. அந்தப் பிள்ளை பந்தைப் பாக்கு, ரோட்டைப் பாக்கல." இப்படிச் சொல்லவைத்தால் புதியவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்கவில்லை என்பது பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். தனியாக ஓட்டி ஓட்டிப் பழகுபவருக்கு, தான் எதைப் பார்க்கவில்லை என்பதைச் சொல்ல ஆள் கிடையாது.

பெண்களுக்குத்தான் இது என்பவர்களுக்கு இரண்டு நினைவூட்டல்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். அந்தப் பெண்களுக்கு அது தானாக வந்துவிடவில்லை. கற்றுக்கொடுக்க ஆளும், பயிற்சி முகாமும், தெருவில் ஓட்டினால் கேலி செய்வோரை எதிர்கொள்ளும் துணையும் இருந்தன. இன்னொன்று 1993. குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பஸ் ஓட்டுநராகச் சேர்ந்தார். பஸ் ஓட்டுநர் ஆணோ பெண்ணோ, பயிற்சியும் தேர்வும் இல்லாமல் "ஓட்ட ஓட்ட வந்துரும்" என்று பயணிகளோடு அனுப்ப யாரும் சம்மதிக்க மாட்டார்கள். சொந்தப் பிள்ளைகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போகும்போது மட்டும் சம்மதிக்கிறார்கள்.

பயமே இல்லாமல் ஓட்டும் பத்தொன்பது வயதுப் பையனுக்குத்தான் இந்தப் பயிற்சி முதலில் தேவை. அவன் வரமாட்டான் என்பது வேறு விஷயம்.

5. பயிற்சியால் பயன் இல்லை என்று ஆய்வே சொல்கிறதே?

எதிர்த்தரப்பில் இருக்கும் கனமான வாதம் இது. அதைச் சொல்பவர்கள் குறைவு என்றாலும் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிகால்ப் என்ற பகுதியில் 1970களின் கடைசியில் சுமார் 16,000 பள்ளி மாணவர்களைப் பிரித்து ஓட்டுநர் பயிற்சியைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் விபத்துகள் நிலையாகக் குறையவில்லை. 1980களில் நார்வேயில் இன்னும் மோசம்: வழுக்கும் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுத்தபின் இளம் ஆண்களின் விபத்துகள் கூடின. சறுக்கினால் சமாளித்துவிடலாம் என்ற தெம்பில் வேகத்தைக் கூட்டியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இதைக் காட்டிப் பயிற்சியே வேண்டாம் என்பது, மருந்தின் அளவு தப்பியதைக் காட்டி வைத்தியமே வேண்டாம் என்பதாகும். நார்வே சொல்வது ஒன்றுதான்: கைத்திறமையையும் துணிச்சலையும் மட்டும் ஏற்றிவிடும் பயிற்சி ஆபத்து. அப்படியானால் "பத்தே நாளில் பயம் போகும், உத்தரவாதம்" என்று பலகை வைக்கும் பயிற்சியாளர்களையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். பயம் முழுக்கப் போய்விட்டது என்று ஒரு புதிய ஓட்டுநர் சொன்னால் பயிற்சி கெட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்து திரும்பினால் பயிற்சி சரியாக நடந்திருக்கிறது.

அந்த ஆய்வுகளைப் படித்த உலகம் பயிற்சியைக் கைவிடவில்லை. முறையை மாற்றியது. பிரிட்டன் 2002-இல் உரிமத் தேர்வில் ஆபத்தை முன்கூட்டிக் கண்டுகொள்ளும் திறனைச் சேர்த்தது. ஜெர்மனியில் ஊருக்கு வெளியே ஐந்து, அதிவேகச் சாலையில் நான்கு, இருட்டில் மூன்று என்று பன்னிரண்டு பாடவேளை சாலைப் பயணம் கட்டாயம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குட்பட்டவர் 120 மணி நேரம் துணையோடு ஓட்டிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும், அதில் 20 மணி இரவில். ஆஸ்திரியா 2003 முதல் உரிமம் வாங்கிய பிறகும் பயிற்றுநரோடு சாலையில் ஓட்டிக்காட்டச் சொல்கிறது. லைசென்ஸ் வாங்கியாச்சு, பொறவு என்ன என்ற கேள்விக்கு அங்கே சட்டமே பதில் வைத்திருக்கிறது.

இந்தியாவும் இதை அறியாமல் இல்லை. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மைய விதிகள் காருக்கு 29 மணி நேரப் பயிற்சி கேட்கின்றன. அதில் 21 மணி செய்முறை. பழைய விதியின் 10 மணியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பத்து மணி போதாது என்பது அரசின் எழுத்திலேயே வந்துவிட்டது.

6. காசு?

பம்பர், கதவு, பெயின்ட் என்று முதல் வருஷத்தில் பட்டறைக்குக் கொடுப்பதையும் ஆக்டிங் டிரைவருக்குக் கொடுப்பதையும் கூட்டிப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பதில்லை. எதிரே வந்தவருக்கு நேரும் செலவு இந்தக் கணக்கில் சேராது.

டிரைவிங் ஸ்கூல்கள் சரியில்லை என்ற குறை மட்டும் மிச்சம். அது பல இடங்களில் உண்மை. ஆனால் அந்தக் குறைக்கு மருந்து கற்காமல் விடுவதல்ல, கேட்டு வாங்குவது. பயிற்சிப் பள்ளி ஒவ்வொன்றும் மாணவர் எத்தனை மணி ஓட்டினார் என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1989 விதிகளிலேயே இருக்கிறது. அதன் பெயர் படிவம் 15. பணம் கட்டும்போதே, அதில் தன் பக்கத்தை அவ்வப்போது காட்ட வேண்டும் என்று கற்கவருபவர் கேட்டுப் பழக வேண்டும். அதில் இருட்டில் எத்தனை மணி, நெரிசலில் எத்தனை மணி, நான்குவழிச் சாலையில் எத்தனை மணி என்று பிரித்துக் குறித்துத் தரவும் சொல்லலாம். ஏற்கெனவே லைசென்ஸ் இருப்பவர்கள், வாசலில் நிற்கும் காரின் உறையை எடுக்குமுன், தங்களுக்கு எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எதற்குப் பயம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு பயிற்றுநரிடம் போகட்டும்.